சீமைத் தகடும் என் இடது காலும்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும், அந்தக் காலத்துப் பெரியவர்கள் மாதிரி வருமா என்று உங்களில் யாராவது தொடங்கிவிடுகிறீர்கள். போன மாதம் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போதும் அதே பேச்சுதான். என்ன ஆசாரம், என்ன ஒழுக்கம், ஒரு பொருளை வீட்டுக்குள் விடுமுன் எத்தனை யோசனை! நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பாவம், கால் வலிக்கிறது போல என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கால் வலிக்கத்தான் செய்தது. அது ஏன் இப்படி ஆயிற்று என்று உங்களில் ஒருவருக்கும் நான் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் மெச்சுகிற பெரியவர்களைப் பற்றிய பேச்சுதான், பொறுமையாகக் கேளுங்கள்.

பாவாடை கட்டின வயது, எனக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. முதல் ஜெர்மன் யுத்தம் தொடங்கின வருஷம். மாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போயிற்று, இடது காலின் பலத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று. எழுந்து நின்றால் அந்தக் கால் நனைந்த துணி மாதிரி மடங்கியது. சித்திரைக்குள் கொஞ்சம் பலம் திரும்பினாலும் குதிகால் தரையில் படவில்லை. விரல் நுனியில் எக்கி எக்கித்தான் நடப்பேன். இன்றைக்கு இளம்பிள்ளை வாதம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதற்குக் கண்ணேறு என்று பெயர். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள்.

எங்கள் வீடு தச்சநல்லூரில் இருந்தது. ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்து, என் காலத்தில் அதெல்லாம் பேச்சில் மட்டும் மிஞ்சிய சைவக் குடும்பம். அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை வேலை. மாதம் ஒரு முறை ரயிலேறி வருவார், மறுநாளே போய்விடுவார். வீடு பெரியப்பா கையில் இருந்தது. அப்பாவின் அண்ணன். தீட்சை வாங்கி, தினமும் சிவபூசை செய்கிறவர். தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. காய்ச்சலுக்குப் பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றில் குளிப்பாட்டிக் கூட்டிவந்தவர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீடுகளிலும் இருந்த வழக்கம்தான். என்னைப் பெற்ற அம்மை பெரியப்பாவிடம் நேரே பேசக் கூடாது, அவர் முன்னால் வந்து நிற்கவும் கூடாது. புருஷனுக்கு அண்ணன் அல்லவா! ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவுக்குப் பின்னால் நின்று பெரியப்பாவின் மனைவி பெரியம்மையிடம் சொல்வாள். பெரியம்மை அதைப் பெரியப்பாவிடம் சொல்வாள். பெரியம்மைக்குச் சண்டை பிடிக்காது. காரமாக ஒரு சொல் வந்தால் அதில் தண்ணீர் ஊற்றித்தான் அந்தப் பக்கம் அனுப்புவாள். ஒன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அம்மையின் குரல் எப்படி இருக்கும் என்று பெரியப்பாவுக்குச் சரியாகத் தெரியாது.

வைகாசியில் என் மாமா வந்தார். அம்மையின் தம்பி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்கு பார்க்கும் வேலை அவருக்கு. என் நடையைப் பார்த்தார். யாரிடமும் கேட்காமல் வண்டி பூட்டச் சொல்லி, அம்மையையும் என்னையும் பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலே தள்ளிப் பார்த்தாள். கையில் சோப்பு வாசனை. புத்தகத் தமிழில் பேசினாள்.

“இந்தப் பாதத்தை நேராக நிறுத்திக் கட்ட வேண்டும். இரவும் பகலும். ஒரு வருஷம். குழந்தை வளருகிற காலம் இது. இப்போது விட்டுவிட்டால் பிற்பாடு யாராலும் ஆகாது.”

இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்து ஒரு கட்டு செய்து தருவதாகவும் சொன்னாள். வீட்டுக்கு வந்து அம்மை அதைப் பெரியம்மையிடம் சொல்ல, பெரியம்மை பெரியப்பாவிடம் சொன்னாள்.

“தோலா?” என்றார் பெரியப்பா. “செத்த மாட்டுத் தோலைக் காலுல கட்டிக்கிட்டுப் பிள்ளை பூசை அறைக்கு முன்னால நடமாடவா? ஆவாது. வேற என்னமும் உண்டுமான்னு கேக்கச் சொல்லு.”

வேறு ஒன்று இருந்தது. எங்கள் நாட்டில் ஒருவிதத் தகட்டைச் சூடு காட்டி வளைத்து இப்படிக் கட்டுகிறார்கள், இங்கே கிடைக்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். மாமா அதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார். சீப்புச் செய்கிறவர்களுக்காக அந்தத் தகடு ஜெர்மனியிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தது. ஆனி பிறந்ததும் மூலை உடைந்த இரண்டு தகடுகளைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்.

இன்றைக்குப் பிளாஸ்டிக் என்கிறோமே, அதற்கெல்லாம் மூத்தது. செல்லுலாய்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வீட்டில் அதற்குச் சீமைத் தகடு என்று பெயர். பசுவெண்ணெய் நிறம். ஒன்றரை முழ நீளம் இருக்கும். விரலால் சுண்டினால் டக்கென்று கேட்கும். தேய்த்து முகர்ந்தால் சூடத்தின் வாசனை வரும். நான் நாள் முழுவதும் அதை முகர்ந்துகொண்டிருந்தேன்.

“தீ மேல கொண்டு போயிராதக்கா. சன்னமாச் சூடு காட்டணும்ங்காக. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டு மாமா ரயிலேறிவிட்டார்.

அம்மைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டுச்சோறு கட்ட வாழையிலையை வாட்டத் தெரியும். மதியம் எல்லோரும் படுத்த பிறகு, கங்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தகட்டைப் பிடித்து இலை வாட்டுவதுபோல இப்படியும் அப்படியும் காட்டினாள். முதலில் நெளிந்தது. பிறகு அப்பளம்போலக் கொப்பளம் விட்டது. அப்புறம் பொஸ்ஸென்று ஒரு சத்தம். ஓரத்தில் பிடித்த தீ, அம்மை கையை உதறுமுன் பாதித் தகட்டைத் தின்றுவிட்டது. முற்றத்துத் துவைகல்லில் எறிந்தாள். கல்லில் விழுந்த துண்டு, நாங்கள் பார்க்கப் பார்க்க இல்லாமல் போயிற்று. சாம்பல்கூட இல்லை. அம்மையின் புருவம் கருகியிருந்தது. நான் அழவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“இன்னும் ஒண்ணுதான் இருக்கு” என்றாள் அம்மை.

அதற்குப் பிறகு அவள் தீயை அண்டவே இல்லை. தகடுகளின் உடைந்த மூலையிலிருந்து உதிர்ந்து பாயில் கிடந்த சில்லுகளை வைத்துப் பத்து நாள் பழகினாள். கொதித்த நீரில் போட்டால் சுருங்கிக் கோணியது. இட்லிக் கொப்பரைக்குள் துணி விரித்து, அதன்மேல் வைத்து மூடி, ஆவியில் விட்டால் மெதுவாகத் தளர்ந்தது. எடுத்து மடக்கினால், நாலு எண்ணுவதற்குள் ஆறிக் கெட்டியாகிவிடும். முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் சதையின் வளைவுக்கு அது போதும். ஆனால் குதிகாலில் ஒரே கோட்டில் சரியாக மடங்க வேண்டுமே? அதற்கு அவள் ஒரு கருவி செய்தாள். வாய் குறுகிய பித்தளைச் செம்பில் பாதி நீர் நிரப்பி, அடுப்பு ஊதுகிற பித்தளைக் குழலை அதன் வாயில் செருகி, இடுக்கைப் பிசைந்த மாவால் அடைத்தாள். செம்பு அடுப்பில் கொதிக்க, ஆவி குழல் வழியாகப் போய் அடுத்த முனையில் சீறும். அடுப்பை விட்டு ஒரு முழம் தள்ளி நீளும் அந்தக் குழலின் மேல் சில்லை வைத்து அழுத்தினால், குழல் பட்ட கோடு மட்டும் இளகும். மற்ற இடம் விறைப்பாகவே இருக்கும். கோட்டில் பிடித்து மடக்கினால் ஓலையை மடித்த மாதிரி சுத்தமாக மடங்கும். முதல் முறை அது மடங்கினபோது அம்மை சிரித்தாள். பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

என் காலுக்கு அச்சு வேண்டும். வாய்க்கால் கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து, அதில் மணலும் உமியும் கலந்து பிசைந்தாள். என் பாதத்தை டாக்டரம்மா தள்ளிய மாதிரி மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முழம் போட்டு, கெட்ட காலைக் கயிற்றால் அளந்து, மண்ணில் ஒரு கால் செய்தாள். தொழுவத்தை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்புக்குள் நிழலில் காய வைத்தாள். நேரான கால். நான் அதற்குத் தினமும் மஞ்சள் பூசி விளையாடினேன்.

ஆனி கடைசியில் இரண்டாவது தகட்டை எடுத்தாள். வெந்நீரில் முக்கி இளக்கிக் கத்தரியால் வெட்டினாள். கொப்பரை ஆவியில் தளர்த்தி, மண் காலின்மேல் போர்த்தி, ஈரத்துணியால் இறுக்கிச் சுற்றினாள். குழலில் வைத்துக் குதிகாலை மடக்கினாள். கோணூசியால் துளை போட்டு, நெய்த பருத்தி நாடாவைக் கோத்தாள். பிசிறு குத்தாமல் இருக்க ஓரத்தைச் சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே பழைய வேட்டித் துணி. வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தாள். வீடு முழுக்கச் சூட வாசனை.

“அடுக்களைல யாரு சூடம் கொளுத்துதா?” என்று பெரியம்மை கேட்டுக்கொண்டே வந்தாள். என் காலைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதை யார் செய்தது என்று இரண்டு முறை கேட்டாள். அம்மை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரவும் பகலும் போட்டிருந்தேன். குளிக்கும்போது மட்டும் அவிழ்ப்போம். நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும். தெருப் பிள்ளைகள் என்னைக் குதிரை என்றார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. ஆவணியில் ஒருநாள் ஆற்றுப் படித்துறையில் தகட்டை அவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். இடது குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. கல். ஆறு மாதத்துக்குப் பிறகு என் குதிகால் கல்லில் பட்டது. “அம்மா, படுது, படுது” என்று கத்தினேன். அம்மை துணி துவைப்பதை விட்டுவிட்டு வந்து, என் குதிகாலுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. தாமிரபரணியில் அன்று தண்ணீர் எந்த அளவு போயிற்று, வெயில் எப்படி இருந்தது எல்லாம் எனக்கு இப்போதும் தெரியும். அந்த மாதிரி ஒரு நாள் மறுபடி எனக்கு வரவில்லை.

புரட்டாசியில் எதிர்வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். என் காலைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்க்க வந்தவர், போகிற போக்கில் சொன்னார்.

“அண்ணாச்சி, கொழும்புல இந்தத் தகட்டுல சீப்பு விக்கான். மாட்டெலும்பைக் காய்ச்சித் தட்டுததுன்னு சொல்லுதாக. நமக்கென்ன தெரியும்? பூசை பண்ணுத வீடாச்சேன்னு சொல்லுதேன், வேற ஒண்ணுமில்ல.”

வேற ஒண்ணுமில்லையாம்! அவருக்கு ஒன்றுமில்லைதான். அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. தகடு வீட்டுக்குள் வரக் கூடாது. வாசலில் அவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளை உள்ளே வரட்டும்.

அவிழ்த்து வைத்தால் கால் திரும்பும். இரவும் பகலும் என்று டாக்டரம்மா சொன்னது அம்மைக்கு மந்திரம் மாதிரி. அவள் அன்று ராத்திரியே என் பாயையும் தன் பாயையும் சுருட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் பக்கத்துச் சாய்ப்பில் போய்ப் படுத்துவிட்டாள். சமைப்பதற்கு மட்டும் குளித்து உள்ளே போவாள். ஐப்பசி மழை. ஒழுகல், கொசு, சாணியும் ஈர வைக்கோலுமாக நாற்றம். உயிரோடு நிற்கிற மாட்டின் பக்கத்தில் நான் அந்தத் தகட்டோடு படுத்திருந்தேன், அது யாருக்கும் தீட்டாகத் தெரியவில்லை. இளைய மருமகள் தொழுவத்தில் படுக்கிறாள் என்று தெரு பேசத் தொடங்கியதுதான் பெரியப்பாவை உறுத்தியது.

ஒருநாள் காலையில் பசுவுக்குப் புல் போட வந்தார். நான் வைக்கோல் போரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, “காலு வலிக்குதாளா?” என்று கேட்டார். அவர் முகம் வாடியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு ஏதாவது நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“பெரியப்பா, இது எலும்பில்ல. சூட வாசம் வரும். மோந்து பாருங்க” என்று காலை நீட்டினேன்.

கை விரலால் தகட்டைத் தேய்த்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அட! சூடம்லா மணக்கு! எலும்புல ஏது இந்த மணம்?” என்று எழுந்து நின்றார். எங்களை உள்ளே அழைக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று அவரும் தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது இப்போது புரிகிறது. புரிவதால் ஆத்திரம் குறையவில்லை.

உள்ளே போய் அறிவித்துவிட்டார். கார்த்திகைச் சோமவாரம், தெருப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, பூசை முடிந்ததும் தகட்டைச் சூடச் சுடரில் காட்டிப் பார்ப்பது. சூடமென்றால் மிச்சமில்லாமல் எரியும். எலும்பென்றால் கருகி நாறும். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும், பிறகு ஒருத்தரும் வாய் திறக்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். எலும்பு என்று தெரிந்தால் தகட்டைத் தூர எறிய வேண்டும். சூடம் என்று தெரிந்தால் தகடு எரிந்து போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் என் கால் போகிற மாதிரி ஒரு சோதனையை, படித்த, ஆசாரம் தெரிந்த, என்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு மனிதர் கண்டுபிடித்தார். கேட்ட ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

ஒருத்திக்கு உறைத்தது. அம்மை கதவுக்குப் பின்னால் நின்று பெரியம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அவுககிட்ட சொல்லுங்க. அது தீயைக் கண்டா ஒரு நொடி நிக்காது. ஓரத்துல பட்டாலும் முழுசும் போயிரும். நான் கண்ணால பாத்திருக்கேன். இந்தாங்க, வெட்டின துண்டு வச்சிருக்கேன். இதைக் கொளுத்திப் பாக்கச் சொல்லுங்க.”

பெரியம்மை தகர டப்பாவை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

“சூடம் கணக்கா நல்லாப் பத்துமாம்” என்றாள் பெரியம்மை. “துண்டும் இருக்காம். இதைப் பாத்தாப் போதாதாங்கா.”

அவ்வளவுதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒரு நொடி நிக்காது என்பதும் முழுசும் போயிரும் என்பதும் கதவு நிலையிலேயே விழுந்துவிட்டன. பெரியப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“நல்லாப் பத்துமா? அப்பம் சூடந்தான். ஆனா துண்டு ஆவாது. இது எந்தத் துண்டுன்னு யாரு கண்டா? பொம்பளைக மாத்தி வச்சுட்டாகம்பான் எதிர்வீட்டுக்காரன். பிள்ளை காலுல கிடக்கதைத்தான் பாக்கணும். ஓரத்துல லேசாக் காட்டிட்டு அணைச்சிருதேன். பயப்படாண்டாம்னு சொல்லு.”

சோமவாரம் வந்தது. பூசை அறைக்கு முன்னால் ஏழெட்டுப் பெரியவர்கள், நெற்றி நிறையத் திருநீறு. எதிர்வீட்டுக்காரர் முன் வரிசையில். பெரியப்பா என்னை மடியில் உட்காரவைத்து, நாடா முடிச்சுகளைத் தானே அவிழ்த்தார். எனக்கு வலிக்கக் கூடாதென்று எத்தனை பைய அவிழ்த்தார் தெரியுமா! தட்டில் சூடத்தை ஏற்றினார். தகட்டைக் கையில் எடுத்தார்.

கதவு திறந்தது. அம்மை வெளியே வந்தாள். சேலை முந்தானை தலையிலிருந்து நழுவிக் கிடந்தது. சபைக்கு நடுவே, ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக, பெரியப்பாவைப் பார்த்து நேரே கத்தினாள்.

“வேண்டாம்! ஓரத்துல வச்சாலும் நிக்காது! பிள்ளை காலு போயிரும்!”

இத்தனை தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? அவள் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அவள் வந்து நின்றதைத்தான் பார்த்தார்கள். “என்னவே இது, சபையில?” என்று ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர் எழுந்து நின்றார். பெரியப்பா, தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று, தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிய தலையோடேயே தகட்டின் ஓரத்தைச் சுடரில் காட்டினார்.

பொஸ்ஸென்று அதே சத்தம். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு தீ உத்தரம்வரை எழுந்தது. அவர் திரும்புவதற்குள் கை சுட்டுவிட்டது, கீழே போட்டார். கல் தரையில் கிடந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் எரிந்து முடிந்தது. என் கெண்டைக்கால், என் குதிகால், கோணூசித் துளைகள், பராய் இலையால் தேய்த்த ஓரம் எல்லாம் போயிற்று. நாடாவின் கரி மட்டும் நாலு புழுவைப்போலச் சுருண்டு கிடந்தது.

பிறகு எதிர்வீட்டுக்காரர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

“சாம்பல் இல்லவே! துளிச் சாம்பல் இல்ல! சுத்தமான சூடம்!”

“சிவ சிவா!” என்று எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கினார்கள். பெரியப்பாவின் விரல்கள் கொப்பளித்திருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிய, பெரியம்மையைப் பார்த்துச் சொன்னார்.

“அவளை உள்ள வரச் சொல்லு. இனி ஒரு தடையும் இல்ல. தகடு சுத்தம். இன்னொண்ணு செஞ்சு போடச் சொல்லு.”

இன்னொன்று செய்ய வேண்டுமாம்! எதில் செய்வது? யுத்தம் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜெர்மன் சரக்கு வருவது நின்றுபோய், எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட பயம் தெளியாமல் தூத்துக்குடியே ஒடுங்கிக் கிடந்தது. சீப்புக்காரர்களே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு துண்டுகூட இல்லை என்று மாமா எழுதினார். பெரியப்பா யுத்தச் செய்தியைத் தினமும் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவர். தகட்டைச் சுடரில் காட்டுமுன் அதை நினைக்கவில்லை.

அப்பா மாதக் கடைசியில் வந்தார். என் காலைப் பார்க்கவில்லை. “அண்ணன் முன்னால வந்து கத்தினியாமே? நாலு பேருக்கு முன்னால என் தலையைக் குனிய வச்சுட்டியே” என்று அம்மையைக் கேட்டார். அம்மை மண்ணெண்ணெய் டின்னை வெட்டி என் காலுக்கு வளைத்துக்கொண்டிருந்தாள். டின் அறுத்துப் புண்ணாயிற்று. மூங்கிலைப் பிளந்து கட்டினாள், அது வழுக்கி வழுக்கி நழுவியது. டப்பாவில் இருந்த துண்டுகளை ஊதுகுழலில் வைத்து ஒன்றோடொன்று ஒட்டப் பார்த்தாள். ஒட்டவில்லை. மாசியில் மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனோம். டாக்டரம்மா என் பாதத்தைப் பிடித்துத் தள்ளினாள். அது அசையவில்லை. “தாமதமாகிவிட்டது” என்று மட்டும் சொல்லி, அம்மையின் தோளில் கை வைத்தாள்.

மண் கால் ரொம்ப நாள் சாய்ப்பில் கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கரைந்துவிட்டது.

நான் சோதனையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பெரியம்மை அன்பாகச் சொல்வாள்: “நீதானளா மோந்து பாருங்கன்னு சொன்ன?” அதை நான் நம்பினேன். முப்பது வயதுவரை நம்பினேன். என் வாயால்தான் என் கால் போயிற்று என்று எத்தனை ராத்திரி அழுதிருக்கிறேன்! ஏழு வயதுப் பிள்ளை முகர்ந்து பாருங்கள் என்றது. கொளுத்திப் பாருங்கள் என்று சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று. நொண்டிப் பெண் என்று என்னை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். பேச வந்தவர்களிடம் பெரியப்பா என் காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுத்தமான குடும்பம் என்று சொன்னார்.

கடைசியாக ஒன்று. அம்மை காலமான மறுவருஷம், ஒரு கார்த்திகை மாதம், தச்சநல்லூர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. பூசை முடித்துவிட்டுப் பதிகம் படிக்க உட்கார்ந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“ஏளா, இதைக் கொஞ்சம் துடைச்சுத் தா. எழுத்து மங்கலாத் தெரியுது.”

தடிமனான வட்டச் சட்டம். பசுவெண்ணெய் நிறம். முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சட்டம் லேசாகச் சூடேறியது. வாசனை வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

“பெரியப்பா, இது அந்தத் தகடு.”

“எந்தத் தகடு?”

“என் காலுல கிடந்தது.”

வாங்கி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அதே மலர்ச்சி. “ஆமாளா! சூட வாசம்! அப்பம் சுத்தமான பொருள்தான். நாமதான் அன்னைக்கே சோதிச்சுட்டமே” என்று சொல்லி, மூக்கில் மாட்டப்போனார்.

நான் அதை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன். விளக்கடியில் தீப்பெட்டி இருந்தது. ஒரு குச்சியை உரசினேன்.

“எதுக்கும் இன்னொருக்காப் பாத்துருவோம் பெரியப்பா. ஓரத்துல லேசாக் காட்டிட்டு அணைச்சிருதேன்.”

அவர் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களில் பழைய தீத்தழும்பு இருந்தது.

“ஏளா, வேண்டாம்ளா! அது இல்லாம எனக்குக் கண்ணு தெரியாதே!”

குச்சி என் விரலைச் சுட்டு அணைந்தது. கண்ணாடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை மாட்டிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்து, என் இடது கால் விரல் நுனியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.